நஞ்சுக்கு முன்னாலா, பின்னாலா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில், ஒரு மூலிகைச் சாறு கல்லீரலைக் காப்பது ஆய்வில் உறுதியாகிவிட்டது என்று நாலு பத்தியில் ஒரு செய்தி வந்திருந்தது. எலிகளுக்குச் சாற்றைக் கொடுத்தார்களாம், கல்லீரல் பாதிப்பு குறைந்ததாம், சீக்கிரமே மருந்தாக வரலாமாம். அவ்வளவுதான் செய்தி. என் சித்தப்பா அந்தத் துண்டை வெட்டிப் பர்ஸில் வைத்துக்கொண்டு, ‘நீதான் எலி ஆராய்ச்சி பண்ற இடத்துல இருந்தியே, இது நிஜமா?’ என்று போன் செய்தார். அன்றைக்கு அவரிடம் முக்கால் மணி நேரம் பேசினேன். அதில் பாதியையாவது உங்களுக்கு எழுதாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது.

நான் மூலிகைக்கு எதிரி இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்தியல் ஆய்வகம் ஒன்றில் சில வருஷம் உதவியாளராக இருந்தேன். எலியை எடை போட்டது, வாய்க்குழாய் விட்டுப் புகட்டியது, ரத்தம் எடுத்தது, கூண்டு கழுவியது எல்லாம் இந்தக் கைதான். கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, நிலவேம்பு, கடுகுரோகிணி என்று கல்லீரலுக்குப் பெயர்போன செடிகள் பலதும் சத்தை இறக்குகிற எங்கள் சாக்ஸ்லெட் குழாயில் வெந்திருக்கின்றன.

இந்த ஆய்வு பெரும்பாலும் ஒரே அச்சில்தான் நடக்கும். செடியைக் காயவைத்துப் பொடித்து, ஆல்கஹாலிலோ தண்ணீரிலோ சத்தை இறக்கி, அந்த ஈரத்தை ஆவியாக்கினால் அடியில் தார் மாதிரி ஒட்டுகிற கரும்பச்சைப் பசை ஒன்று மிஞ்சும், அதுதான் எக்ஸ்ட்ராக்ட். எலிகளை ஆறு ஆறாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்கு ஒன்றுமே கிடையாது, ஒன்றுக்கு நஞ்சு மட்டும், ஒன்றுக்கு ஒப்பிட்டுப் பார்க்க சிலிமரின் என்கிற மருந்து, மிச்சம் இரண்டுக்கும் நம்ம எக்ஸ்ட்ராக்ட், எலியின் எடையில் கிலோவுக்கு 200 மில்லிகிராம், 400 மில்லிகிராம் என்று. ஏன் 200, ஏன் 400 என்று கேட்டால், முன்னால் வந்த கட்டுரையில் அப்படித்தான் இருந்தது என்பார்கள். தினமும் ஒரு வேளையாக ஏழு நாள் புகட்டுவோம். ஏழாம் நாள், முதல் குழுவைத் தவிர மற்றவற்றுக்கு, கார்பன் டெட்ராகுளோரைடு என்கிற அந்த நஞ்சை ஆலிவ் எண்ணெயில் கலந்து எலியின் வயிற்றறைக்குள் ஊசி போடுவோம். 24 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து, கல்லீரல் கெட்டால் ஏறுகிற எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி., பிலிருபின் எல்லாம் பார்த்துவிட்டு, கல்லீரலை எடுத்து ஃபார்மலினில் போட்டு மைக்ராஸ்கோப்புக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது.

முடிவைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். நஞ்சு மட்டும் வாங்கின எலியின் கல்லீரல் வெளுத்து, மஞ்சள் பாரித்துத் திட்டுத் திட்டாக இருக்கும். எக்ஸ்ட்ராக்ட் குடித்த எலியுடையது அதைவிட எவ்வளவோ சிவப்பாக, வழுவழுப்பாக இருக்கும். முதல் தடவை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தட்டில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. எஸ்.ஜி.பி.டி.யும் அதையே சொல்லும், நஞ்சு வாங்கினதில் பல மடங்கு எகிறியிருக்கும், செடி குடித்ததில் பாதிகூட இருக்காது. இதில் பொய் ஏதும் இல்லை, கண்ணுக்கு நேரே தெரிகிறது.

சரி, அப்புறம் என்ன சிக்கல்? நாள் கணக்கை மறுபடி ஒரு தடவை பாருங்கள். செடி ஏழு நாள் முன்னால், நஞ்சு பின்னால். உங்கள் கல்லீரல் அடுத்த வாரம் கெடப்போகிறது, இப்போதே சாறு குடிக்க ஆரம்பியுங்கள் என்று யாருக்காவது ஓலை வருமா? கண் மஞ்சளான பிறகு, வயிறு வீங்கின பிறகு, இல்லை ரத்தப் பரிசோதனையில் எண் ஏறினதைப் பார்த்த பிறகுதானே மனுஷன் மருந்தைத் தேடுகிறான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சீனியரிடம் இதை வெகுளியாகக் கேட்டேன், ‘நஞ்சு குடுத்ததுக்கு அப்புறம் எக்ஸ்ட்ராக்ட் குடுத்துப் பார்த்தா என்ன?’ என்று. அவரும் வெகுளியாகவே பதில் சொன்னார்: ‘பின்னால குடுத்தா வேலை செய்யாதேப்பா.’ அதற்குமேல் அந்த ஆய்வகத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கூண்டு கழுவப் போய்விட்டேன்.

முன்னால் கொடுத்தால் மட்டும் ஏன் வேலை செய்கிறது என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. கார்பன் டெட்ராகுளோரைடு தானாகக் கல்லீரலைத் தின்பதில்லை. கல்லீரல் செல்லுக்குள் சைட்டோகுரோம் பி450 என்று ஒரு நொதிக் கூட்டம் இருக்கிறது, வெளியிலிருந்து வரும் ரசாயனங்களை உருமாற்றுவது அதன் வேலை. அதில் 2இ1 என்று எண் போட்ட ஒரு நொதி, இந்த நஞ்சைப் பிடித்து அதிலிருந்து ஒரு குளோரினைக் கழற்றிவிடுகிறது. அப்போதுதான் டிரைகுளோரோமெத்தில் என்கிற வெறிபிடித்த துணுக்கு பிறந்து, செல் சவ்வில் இருக்கும் கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கிறது. அதாவது, வீட்டுக்குள் வந்த திருடனுக்கு அரிவாளை எடுத்துக் கொடுப்பதே வீட்டு ஆள்தான். இப்போது ஏழு நாளாகப் புகட்டின எக்ஸ்ட்ராக்ட் அந்த 2இ1 நொதியை அமுக்கி வைத்திருந்தால் என்ன ஆகும்? நஞ்சு நஞ்சாகவே மாறாது, கல்லீரல் சிவப்பாகத்தான் இருக்கும், நாம் அதற்குக் கல்லீரல் காப்பான் என்று பட்டம் கட்டிவிடுவோம்.

1998இல் இந்த 2இ1 மரபணுவே இல்லாத சுண்டெலிகளுக்கு கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்துப் பார்த்தார்கள். கல்லீரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சுண்டெலிகள் எந்த மூலிகையும் குடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. இதே நஞ்சைச் சிறிய அளவில் ஒரு நாள் முன்பு கொடுத்துவிட்டு மறுநாள் பெரிய அளவு கொடுத்தால், எலி அதைத் தாங்கிக்கொள்கிறது. பல பத்தாண்டுகளாகவே தெரிந்த விஷயம் இது. அப்படியானால் ‘முன்னால் கொடுத்தோம், பாதிப்பு குறைந்தது’ என்ற ஒரே அளவுகோலின்படி கார்பன் டெட்ராகுளோரைடும் கல்லீரலைக் காக்கும் மருந்துதான்! உங்கள் நிருபர் இதற்கும் ஒரு தலைப்பு போடுவாரா?

எல்லாச் செடியும் இப்படி நொதியை அமுக்கித்தான் வேலை காட்டுகிறது என்று சொல்ல வரவில்லை. சிலது நிஜமாகவே செல்லுக்குள் நச்சை முறிக்கிற குளூட்டாதயோன் இருப்பை ஏற்றலாம், சிலது வீக்கத்தைக் குறைக்கலாம். ஆனால் எது எப்படி என்று பிரித்துப் பார்க்க வேண்டாமா? நொதியின் அளவையும் வேலையையும் தனியாக அளந்து பார்க்கலாம். இல்லாவிட்டால் நஞ்சை ஏற்றிச் சில மணி நேரம் கழித்து, அது உருமாறி முடிந்த பிறகு, எக்ஸ்ட்ராக்டைக் கொடுத்துப் பார்க்கலாம். இரண்டும் ஒன்றும் ராக்கெட் வித்தை இல்லை. எக்ஸ்ட்ராக்டைக் கரைக்க டி.எம்.எஸ்.ஓ. மாதிரியான கரைப்பானைச் சேர்த்தால், அந்தக் கரைப்பானே 2இ1ஐத் தடுக்கும். கரைப்பானை மட்டும் வாங்கின ஒரு குழு வைக்காவிட்டால் கரைப்பானுக்குக் கிடைக்க வேண்டிய மாலை செடிக்கு விழுந்துவிடும்.

பாராசிட்டமாலை எடுத்துக்கொள்ளுங்கள், இதே ஆய்வுகளில் கார்பன் டெட்ராகுளோரைடுக்கு அடுத்தபடியாக அதிகம் பயன்படுத்தப்படுகிற நஞ்சு அதுதான். அதிலும் பெரும் அளவில் போனால் கல்லீரல் நொதிதான் அதை நச்சுப்பொருளாக மாற்றுகிறது, குளூட்டாதயோன் தீர்ந்ததும் செல் சாகிறது. அதற்கு மாற்று மருந்தாக ஆஸ்பத்திரிகளில் கொடுக்கிற அசிட்டைல்சிஸ்டீனைப் பாருங்கள். மாத்திரைகளை அள்ளி விழுங்கினபின், ஆளைத் தூக்கிக்கொண்டு வந்தபின் ஏற்றுகிற மருந்து அது. எட்டு மணி நேரத்துக்குள் ஏற்றிவிட்டால் கல்லீரல் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. காப்பது என்றால் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது. இன்னொன்று, பாராசிட்டமால் விஷயத்தில் எலி மனுஷனைப் போல இல்லை, அது நன்றாகவே தாங்கும், சுண்டெலிதான் நமக்குக் கொஞ்சம் கிட்டே வருகிறது. ஆனாலும் எலியில் செய்த கட்டுரைகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன, கூண்டில் இருப்பது எலி என்பதால்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழுவுக்கு சிலிமரின் கொடுப்பார்கள் என்றேனே, அது பால் நெருஞ்சில் விதையிலிருந்து எடுப்பது. ‘எங்கள் எக்ஸ்ட்ராக்ட் சிலிமரினுக்கு நிகராக வேலை செய்தது’ என்ற வரி இல்லாமல் இந்தத் துறையில் கட்டுரையே முடியாது. அந்த சிலிமரின் மனுஷனில் என்ன செய்தது? இன்டர்ஃபெரான் சிகிச்சை பலிக்காத நாள்பட்ட ஹெபடைட்டிஸ் சி நோயாளிகள் 154 பேரிடம், வழக்கத்தைவிட அதிக அளவில், 420 அல்லது 700 மில்லிகிராம் தினமும் மூன்று வேளை என்று 24 வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012இல் வெளியானது. எஸ்.ஜி.பி.டி. குறைந்ததில், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெறும் மாத்திரை விழுங்கினவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. விஷக் காளானைச் சாப்பிட்டவர்களுக்கு அதே விதையிலிருந்து எடுத்த சிலிபினினை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுகிறார்கள், அது வேறு கதை. ஆனால் அளவுகோலாக வைத்திருக்கிற மருந்தே மனுஷனில் இப்படித் தடுமாறும்போது, அதற்கு நிகர் என்பதில் எவ்வளவு பெருமைப்படலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

கீழாநெல்லியைத் தொடாமல் இந்தக் கடிதத்தை முடித்தால் சித்தப்பா விடமாட்டார். நம் ஆட்கள் செய்ததிலேயே எனக்கு மரியாதை உள்ள வேலை அது, ஏனென்றால் எலியோடு நிற்காமல் மனுஷனிடம் போனார்கள். ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு வாங்கிய பிளம்பர்க்கும், சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினரும் சேர்ந்து செய்த ஆய்வு 1988இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. வைரஸைச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்தார்கள், இன்னொரு பகுதியினருக்கு வெறும் மாத்திரை. செடி எடுத்துக்கொண்டவர்களில் 37 பேருக்கு 22 பேரிடம் வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் காணாமல் போயிருந்தது, வெறும் மாத்திரைக்காரர்களில் 23 பேருக்கு ஒருவர்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2011இல் அதுவரை வந்த மனித ஆய்வுகளைச் சேர்த்து அலசிய காக்ரேன் மதிப்பாய்வும், வெறும் மாத்திரையைவிட மேல் என்று நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை என்றே முடித்தது. ஏன் இப்படி என்பதற்குப் பல காரணம் சொல்கிறார்கள். கீழாநெல்லி என்று நாம் சொல்கிற குட்டிச் செடியிலேயே பார்வைக்கு ஒன்றுபோல இருக்கிற பல இனங்கள் உண்டு, விளையும் மண்ணுக்கும் பறிக்கும் பருவத்துக்கும் ஏற்ப உள்ளிருக்கும் சரக்கும் மாறும். எந்தச் செடி, எந்தப் பாகம், எந்தக் கரைப்பான், அதில் குறிப்பான வேதிப்பொருள் எத்தனை சதவீதம் என்று எழுதி வைக்காத ஆய்வை இன்னொருவர் திருப்பிச் செய்யவே முடியாது. உங்கள் செய்தியிலோ செடியின் தாவரவியல் பெயர்கூட இல்லை.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கேட்டதே, எங்கள் வீட்டிலேயே பார்த்தோமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹெபடைட்டிஸ் ஏ-யால் வரும் காமாலை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். இறங்கும்போது கையில் எந்தச் சொம்பு இருக்கிறதோ அதற்குப் பேர் கிடைத்துவிடுகிறது.

அளவைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. எலிக்குக் கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்றால், எலியையும் மனுஷனையும் உடற்பரப்பை வைத்து ஒப்பிடுகிற வழக்கப்படி அதை 6.2ஆல் வகுக்க வேண்டும், கிட்டத்தட்ட 65 வரும். 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக எக்ஸ்ட்ராக்ட். நூறு கிராம் காய்ந்த இலையில் பத்து கிராம் எக்ஸ்ட்ராக்ட் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், தினமும் நாற்பது கிராம் காய்ந்த இலையின் சத்து. பசை வடிவில் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், பாத்திரத்திலிருந்து சுரண்டி எடுத்தவன் நான்.

இவ்வளவு செறிவாகப் போகும்போது செடியே கல்லீரலைக் கெடுக்காது என்று யார் உறுதி சொன்னது? பச்சைத் தேயிலையைப் பானமாகக் குடிப்பது வேறு, அதன் எக்ஸ்ட்ராக்டை மாத்திரையாக விழுங்குவது வேறு. அந்த மாத்திரைகளில் இருக்கிற கேட்டச்சின் என்ற வேதிப்பொருள் நாளைக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் போனால் கல்லீரல் நொதிகள் ஏறக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. பிரான்சில் உடல் மெலியவென்று விற்ற ஜெர்மாண்டர் என்ற மூலிகையை, கல்லீரல் அழற்சி வந்தவர்களைப் பார்த்து 1992இல் தடை செய்தார்கள். கோவிட் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் எடுத்துக்கொண்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை இந்திய மருத்துவர்களே எழுதினார்கள். அது சீந்தில்தானா, அதன் பங்காளிச் செடியா என்று ஒரு சண்டையும் நடந்தது. மறுபடி அதே இடத்துக்குத்தான் வருகிறோம், எந்தச் செடி என்று தெரியாமல் எதைப் பேசுவது.

கல்லீரலுக்கு மருந்து என்று ஒன்று வெளியே வருவதற்கு என்ன பாடு என்பதற்கு ஒரே ஒரு உதாரணம். கொழுப்புக் கல்லீரல் முற்றி அழற்சியும் தழும்பும் வந்த நிலைக்கு ரெஸ்மெட்டிரோம் என்ற முதல் மருந்து அமெரிக்காவில் 2024 மார்ச்சில்தான் அனுமதி வாங்கியது. அதற்காக 966 பேரிடம், ஒரு வருஷம், கல்லீரலில் ஊசி விட்டுத் துணுக்கு எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார்கள். அதிகபட்ச அளவு எடுத்தவர்களிலேயே பத்துக்கு மூன்று பேருக்குத்தான் அழற்சி தீர்ந்தது, வெறும் மாத்திரையில் பத்துக்கு ஒருவர். இவ்வளவு கஷ்டப்பட்டு வந்த முடிவே இவ்வளவுதான். உங்கள் செய்தியில் இருந்த ஆய்வில் குழுவுக்கு எத்தனை எலி என்று தெரியவில்லை, ஆறாக இருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

அதற்காக எலி ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தச் செடியை மேற்கொண்டு பார்க்கலாம், எதை விட்டுவிடலாம் என்று சலிப்பதற்கு அது வேண்டும். அந்த எலிகளும் உயிர்தானே, அதனால்தான் கேட்கிறேன், கொல்வதென்று ஆன பிறகு ஒழுங்கான கேள்வியையாவது கேட்டுவிட்டுக் கொல்லலாம். நோயாளி வருகிற வரிசையிலேயே, பாதிப்பு முதலில், செடி பிறகு என்று செய்யட்டும். எந்தத் துண்டு எந்தக் குழுவினுடையது என்று தெரியாத ஒருவர் மைக்ராஸ்கோப்பில் பார்க்கட்டும். பலிக்காதபோது அதையும் எழுதட்டும்.

நாளிதழுக்கு நான் கேட்பது இன்னும் சின்னது. அடுத்த தடவை இப்படிச் செய்தி போடும்போது, இரண்டாவது வரியிலேயே எலியா மனுஷனா, எத்தனை, செடி நஞ்சுக்கு முன்னாலா பின்னாலா என்று எழுதிவிடுங்கள். ஒரு வரிதான். அதை எழுதினால் செய்தியின் மவுசு குறைந்துவிடும் என்று உங்கள் துணை ஆசிரியர் நினைத்தால், செய்தியில் மவுசு ஏற்கெனவே எவ்வளவு இருந்தது என்று அவரையே யோசிக்கச் சொல்லுங்கள்.

சித்தப்பா விஷயம் பாக்கி இருக்கிறது. அவருக்குக் கொழுப்புக் கல்லீரல். போன வருஷம் எஸ்.ஜி.பி.டி. 96 இருந்தது, ஏதோ ஒரு மூலிகைப் பொடியைச் சாப்பிட்டு மூன்று மாதத்தில் 52க்கு வந்துவிட்டது என்று பெருமையாகச் சொல்வார். அந்த மூன்று மாதத்தில்தான் அவர் தினமும் நடந்து ஆறு கிலோ இளைத்தார், தானாக வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த வலி மாத்திரையையும் நிறுத்தினார். உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பும் அழற்சியும் நன்றாக இறங்கும் என்பது மருத்துவர்கள் தினமும் சொல்வதுதான். ஆனால் நடந்த கால்களுக்கு யார் மாலை போடுகிறார்கள்? இப்போது உங்கள் செய்தியைப் பார்த்து அந்தப் புதுச் செடியையும் பொடிக்கு மேல் சேர்த்துக் குடிக்க ஆரம்பித்துவிட்டார், எனக்குப் போன் செய்ததே நாலு நாள் குடித்த பிறகுதான். ரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் அவர் சாப்பிடுகிற மாத்திரைகளைக் கரைப்பதும் அதே கல்லீரல் நொதிக் கூட்டம்தான், அதைச் செடி அமுக்கினால் மாத்திரை உடம்பில் தேங்கும் என்று சொல்லிப் பார்த்தேன். ‘டாக்டர்கிட்ட சொன்னா திட்டுவாருப்பா’ என்கிறார். இரண்டு பொட்டலத்தையும் உங்கள் செய்தித் துண்டையும் ஒரே பையில் போட்டு, அடுத்த பரிசோதனைக்கு நானே அவரைக் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்